ஒரு டம்ளர் வெயில்

கருங்கொம்பையில் வெயில் வராத வருஷம் எது என்று கேட்டால் அங்கே இருக்கிறவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். தேங்காயெண்ணெயைக் கத்தியால் வெட்டித் தலைக்கு வைத்துக்கொண்ட வருஷம் என்பார்கள், மாவு புளிக்காமல் நாற்பது வீட்டுத் தோசைக்கல்லும் தூங்கிய வருஷம் என்பார்கள், கேட்டவர் அப்போதும் விளங்காமல் விழித்தால், பக்கத்து வீட்டில் போய் நின்று ஒரு டம்ளர் வெயில் குடுங்கக்கா என்று கேட்டு வாங்கிய வருஷம் என்பார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

நீலகிரி மலையின் மேல்விளிம்பில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசிப் பிரிவு அது. வரிசை வீடுகளாக நான்கு லயங்கள், லயத்துக்குப் பத்து வீடு, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு மாதா கெபி, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்கு ஒரு பிள்ளைக்காம்பிரா. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மூடுபனி மலையேறி வந்தது. வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மூடுபனிதான், ஆனால் அந்தத் தடவை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த விருந்தாளியைப் போல உட்கார்ந்துகொண்டது, மார்கழி வந்தும் எழுந்திருக்கவில்லை. புல் கண்ணாடியானது, குழாய்க்குள் தண்ணீர் கல்லானது, கொடியில் போட்ட சட்டைகள் கையை நீட்டியபடி விறைத்து நின்றன, கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின, எது விடியல் எது மத்தியானம் என்று தெரியாத ஒரு சேவல் நாள் முழுக்கக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆளுக்கொரு சின்னச் சூட்டைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினார்கள். பஞ்சவர்ணம் தினமும் காலையில் இரண்டு உருளைக்கிழங்கை அவித்து ஸ்வெட்டர் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். மத்தியானம் வரைக்கும் அவை கையைக் காப்பாற்றும், அப்புறம் வயிற்றைக் காப்பாற்றும். லாரி ஓட்டுகிற சூசைநாதன் வண்டியை நிறுத்தியதும் என்ஜின் மூடிமேல் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார். கறவை மாடு வைத்திருந்தவர்கள் வீட்டில் பால் கறக்க ஆள் போட்டி போட்டது, மடியின் கதகதப்புக்காக. பிள்ளைக்காம்பிராவில் ஆயாவாக இருந்த அஞ்சுகம் பதினோரு குழந்தைகளையும் வாழைச்சீப்பு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுக்கவைத்து, அரைமணிக்கு ஒருதரம் இரண்டு ஓரத்துக் குழந்தைகளையும் எடுத்து நடுவில் வைத்து, நடுவில் இருந்தவற்றை ஓரத்துக்கு நகர்த்தினாள். அவளுக்கென்று இருந்த சுகம் ஒன்றே ஒன்று. இஞ்சி தட்டிப் போட்ட, பால் சேர்க்காத சாயத்தண்ணியைக் குடிக்கும் முன்னால் டம்ளரை மூடிய கண்கள்மேல் வைத்துக்கொள்வாள். கண்ணுக்குள் சிவப்பாக ஒரு இடம் தெரியும். அது ஆறும்வரை அங்கே இருப்பாள்.

அஞ்சுகத்துக்கு நாற்பத்துமூன்று வயது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், சத்தியமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பவானி ஆற்றில் குளிக்க இறங்கிய அவள் புருஷன் திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி அவள் பேசுவதில்லை. துக்கத்தால் பேசாமல் இருக்கிறாள் என்று லயத்தில் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததில் பாதிதான் சரி.

மார்கழி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் பரணில் கிடந்த பித்தளைத் தூக்குவாளியை இறக்கி மூடியைத் திறந்தாள். திறந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அஞ்சுகம், கொஞ்சம் வந்துட்டுப் போ. தூக்குவாளிக்குள்ள வெயில் கெடக்கு."

"எவ்வளவுக்கா இருக்கு?"

"அடியிலேர்ந்து கழுத்து மட்டும் இருக்கு."

அஞ்சுகம் போய்ப் பார்த்தாள். இருந்தது. மஞ்சளாக, லேசாக ஆடிக்கொண்டு, நல்ல பங்குனி மாத வெயில். பஞ்சவர்ணம் மூடியை முழுக்கத் திறந்ததும் அது எழுந்து அறை முழுக்கப் பரவியது, சுவரில் வழிந்துகொண்டிருந்த ஈரம் பின்வாங்கியது, கூடவே எங்கோ மேளச் சத்தமும், பானகம், பானகம் என்று ஒரு ஆளின் குரலும், நடந்த மணலில் பாதம் சுடுகிற யாரோ ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் கேட்டன. பஞ்சவர்ணம் கீழே உட்கார்ந்தாள். "கரூர்த் தேர்" என்றாள். "எனக்குப் பத்தொம்பது வயசு. அந்தச் சிரிக்கிறது நான்தான்."

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டிலும் மூடி போட்ட பாத்திரம் ஒன்றையும் விடாமல் திறந்து பார்த்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்றில் இருந்தது. ஊறுகாய் ஜாடியில், வெற்றிலைப் பெட்டியில், இட்லிப் பானையில், டிரங்குப் பெட்டியில், அந்த வீட்டில் யாராவது ஒருவர் எப்போதோ வாழ்ந்த ஒரு கோடைகாலத்து ஒரு மணி நேரம், அதன் சூட்டோடும் வாசனையோடும் சத்தத்தோடும் கிடந்தது. திறந்தால் செலவாகும், மூடினால் நிற்கும், திரும்பத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இது எப்படி வந்தது என்று மாரியம்மன் கோவில் பூசாரியும் மாதா கெபியைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை அந்தோணியும் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிவதற்குள் இரண்டு பேருக்கும் பல் கிடுகிடுத்ததால், அதை வெயில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டு, யார் வீட்டு வெயில் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று விசாரிக்கப் போனார்கள்.

அப்புறம் அதற்கென்று பழக்கவழக்கங்கள் தாமாக உண்டாயின. வெயில் கேட்டு வந்தவரை வெறும் டம்ளரோடு அனுப்பக்கூடாது. வாங்கிக்கொண்டு போகிறவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு நடுவழியில் நின்று பேசாமல் நேரே வீட்டுக்குப் போக வேண்டும். மாவுப் பாத்திரத்துக்குள் ஒரு கரண்டி ஊற்றி மூடினால் மறுநாள் காலையில் மாவு பொங்கி நிற்கும், எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்தால் உருகிவிடும், பள்ளிக்கூடத்துச் சீருடை இரண்டு நிமிஷத்தில் காயும். அடுத்தவர் வெயிலில் கேட்டதை வெளியே போய்ப் பேசக்கூடாது என்பதும் ஒரு பழக்கமாக வந்தது, ஆனால் அதற்கு முன்பே கடைசி வீட்டு வீரபத்திரன் மாட்டிக்கொண்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றதாக அவர் சொல்லியிருந்த மத்தியானம்; பெட்டியைத் திறந்தால் புளியமரத்தடியில் சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டது. அவர் மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆனாலும் தினம் ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்து, துணிகளைச் சுற்றிப் பரப்பி, அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்பதைக் கேட்டுக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சுகத்தின் வீட்டில் இருந்தது ஒரு வட்டமான நீல நிறப் பிஸ்கட் டின்னில். திறப்பதற்கு முன்பே தெரிந்தது. அலமாரியில் அது இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் சுவர் காய்ந்திருந்தது. நகம் நுழைகிற அளவுக்கு மூடியை நெம்பினாள். ஆற்றுமணல் வாசனை வந்தது. நாணல் வாசனை வந்தது. "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு" என்று அவளுடைய குரலே, பதினோரு வருஷம் இளைய குரல், கோபத்தோடு தொடங்கியது.

அவள் மூடியை அழுத்தி மூடினாள். ஒரு பழைய சேலைக் கிழிசலால் டின்னைச் சுற்றிக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்க, ஒரு முங்கு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவர் துண்டை எடுத்தபோது, ஆத்தோடயே போய்த் தொலைங்க என்று அவள் சொன்னாள். ஆறு அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டது. அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதினோரு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள். இப்போது லயம் முழுக்கக் கேட்கும்படி அது ஒரு டின்னுக்குள் இருந்தது.

"உங்க வீட்ல அகப்படலியா?" என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

பாவம் தனி மனுஷி, அவளுக்குப் போய் இல்லாமல் போச்சே என்று ஊர் இரக்கப்பட்டது. அதற்கப்புறம் தினமும் யாராவது ஒருவர் டம்ளரோ கிண்ணமோ உள்ளங்கையால் மூடிக் கொண்டுவந்து அவள் வாசலில் நின்றார்கள். சூசைநாதன் மனைவி கொண்டுவந்த வெயிலில் மாம்பழ வாசனை இருந்தது. பூசாரி வீட்டு வெயிலில் யாரோ ஒரு அப்பா இருமினார். வீரபத்திரன் மனைவிகூட, "சத்தத்தக் காதுல வாங்காதீங்க, சூட்ட மட்டும் எடுத்துக்குங்க" என்று ஒரு சொம்பு கொடுத்தாள். அஞ்சுகம் அவற்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, பிள்ளைக்காம்பிராவுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளின் கால்மாட்டில் ஊற்றினாள். வாங்குகிற ஒவ்வொரு டம்ளரும் உள்ளங்கையில் கனத்தது.

தை பாதியில் வெயில் தீரத் தொடங்கியது. நாற்பது மணி நேரம் நாற்பது வீட்டுக்கு எத்தனை நாள் வரும்? முதலில் தாராளமாக ஊற்றியவர்கள் கரண்டியால் அளந்தார்கள், அப்புறம் துணியை நனைத்துப் பிழிவது மாதிரி பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டினார்கள். கரூர்த் தேர் நிலைக்கு வந்துவிட்டது. வீரபத்திரன் கடைசி ஆட்டத்தையும் தோற்றுவிட்டார். மூடுபனி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தை இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, இரண்டாம் லயத்துக் குமுதினிக்கு ஏழு மாதத்திலேயே வலி வந்து, ஒன்பதரைக்கெல்லாம் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தலைப்பிரசவம். அவள் புருஷன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அதுவும் புறப்பட்டுவிட்டிருந்தது, ஆனால் கீழே மூன்றாவது வளைவில் ஒரு கற்பூரமரம் பனியில் முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆண்கள் எல்லோரும் மரம் அறுக்கிற வாளும் கோடரியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிரசவம் பார்த்த நர்ஸ் ஸ்டெல்லா அதைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து வைத்து, மேலே இருக்கிற கம்பளியெல்லாம் போட்டுவிட்டு, அதன் காலைத் தொட்டுப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது.

அடுப்பில் விறகு ஈரம், புகைதான் வந்தது. புகை குழந்தைக்கு ஆகாது என்று விறகை வெளியே எடுத்துப் போட்டார்கள். குழந்தை என்றால் அஞ்சுகத்தைக் கூப்பிடுவது வழக்கம், அதனால் அவளும் அங்கே இருந்தாள்.

"அறை சூடாகணும்" என்றாள் ஸ்டெல்லா. "வண்டி வர்றவரைக்கும். ஒரு மணி நேரம் போதும். யார் வீட்லயாவது மிச்சம் இருக்கா?"

பெண்கள் போய்த் தங்கள் தங்கள் பாத்திரத்தை எடுத்து வந்தார்கள். ஜாடியைக் கவிழ்த்தார்கள், பெட்டியை உதறினார்கள், பஞ்சவர்ணம் தூக்குவாளியின் அடியில் ஓங்கித் தட்டினாள். அதிலிருந்து ஒரு தீக்குச்சி அளவு சூடு விழுந்து தரைக்கு வருமுன்னே ஆறிப்போனது. குமுதினி யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் உச்சியில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள், ஊத ஊத அவள் மூச்சும் குளிர்ந்துகொண்டு வந்தது.

அஞ்சுகம் எழுந்து வெளியே போனாள். நாற்பதடி தூரம்தான் அவள் வீடு. கட்டிலுக்கு அடியில் குனிந்து டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துணிக்கு மேலேயே சுட்டது. இதைத் திறந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பு ஆறுவதற்குள் டின்னோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

"எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, முடிச்சை அவிழ்த்து மூடியை எடுத்தாள்.

சித்திரை மாத உச்சிவெயில் எழுந்தது. மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி இரண்டு மடங்கான வெயில். அறையின் கூரை வரைக்கும் ஆற்றுத் தண்ணீரின் நெளிவு ஓடியது. பெண்களின் முக்காடுகள் தாமாக நழுவின. பதினோரு வருஷம் இளைய அஞ்சுகத்தின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: "பஸ்ஸு போயிரும்னு சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க. ஆத்தோடயே போய்த் தொலைங்க."

அஞ்சுகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணலில் ஒரு ஆள் நடந்து போகிற சத்தம், சரக் சரக்கென்று, தூரமாகப் போனது. இனித் தண்ணீர்ச் சத்தம், அதற்கப்புறம் கரையில் ஆட்கள் கத்துகிற சத்தம் என்று அவள் காத்திருந்தாள்.

அந்தக் காலடி திரும்பி வந்தது.

"இந்தா" என்றது ஒரு ஆணின் குரல், மூச்சு வாங்கியபடி. "வெள்ளரிப்பிஞ்சு. உப்பு மொளகாப்பொடி போட்டு வாங்கியாந்தேன்."

"யாருக்கு வேணும்."

"கோவத்துக்குக் குளிர்ச்சி. தின்னு."

அப்புறம் வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்கிற சத்தம், முதலில் ஒரு வாய், அப்புறம் இரண்டு வாய். மிளகாய்ப் பொடி அதிகம் என்று பெண் சொன்னாள். ஆண் சிரித்தார். பஸ் போய்விட்டால் நடந்தே போகலாம், எனக்குக் கால் வலித்தால் நீ என்னைத் தூக்கிக்கொண்டு போ என்றார். அந்தப் பெண் சிரித்தாள். பஞ்சவர்ணம் தலையைத் திருப்பி, அந்தச் சிரிப்பைத் தனக்குத் தெரியாது என்பது போல அஞ்சுகத்தைப் பார்த்தாள். அஞ்சுகத்துக்கும் தெரியவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான், மற்றதையெல்லாம் அது தின்றுவிட்டிருந்தது.

"சரி, போய்ட்டுச் சீக்கிரம் வாங்க" என்றது இளைய குரல். "தலைய நனைக்காதீங்க. சளி புடிக்கும்."

"ம்" என்றார் அவர்.

காலடிச் சத்தம். தண்ணீர் இரண்டாகப் பிளக்கிற சத்தம். அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை, உச்சிவெயில் மட்டும், நாணலுக்குள் ஒரு செம்போத்து, ஆற்றின் ஓட்டம், நடுவே ஒரு ஆள் நிதானமாகக் கை போட்டு நீந்துகிற சளக், சளக். அறையில் இருந்த ஏழு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா குழந்தையின் காலைத் திரும்பத் திரும்பத் தொட்டாள். நீலம் வெளிறியது, வெளிறியது மெல்லச் சிவந்தது, சுண்டுவிரல் முதலில், அப்புறம் பாதம். குமுதினியின் நெற்றியில் வேர்வை பூத்தது. குழந்தை வாயைத் திறந்து, அங்கே இருக்கிற எல்லோர் மேலும் குறை இருப்பது போல அழத் தொடங்கியது. கீழே வளைவில் வண்டி ஹாரன் அடித்தபோது டின்னில் வெயில் ஒரு விரற்கடைதான் இருந்தது. அதில் அவர் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார். நீந்திக்கொண்டிருக்கும்போதே அது முடிந்தது.

குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு, அஞ்சுகம் பிள்ளைக்காம்பிராவுக்குத் திரும்பிப் போய், ஓரத்தில் இருந்த இரண்டு குழந்தைகளை எடுத்து நடுவில் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, ஆற்றின்மேலும் இல்லை. கையில் ஒரு முழு மணி நேரம் இருந்திருக்க, அதில் ஒரு மூச்சை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் வாழ்ந்துவிட்ட தன்மேல் வந்த கோபம். சாயங்காலம் தாய்மார்கள் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போகும்வரைக்கும் அது இருந்தது. அப்புறம் அவள் சாயத்தண்ணி வைத்துக் குடித்தாள்.

மறுநாள் குழாயடியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாசி ஐந்தாம் தேதி மூடுபனி எழுந்து போனது, சொல்லிக்கொள்ளாமல். வெயில் வந்ததும் சிலர் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும் என்று பாத்திரங்களைத் திறந்து முற்றத்தில் வைத்தார்கள். அதில் எறும்புதான் வந்தது. பூசாரியும் அந்தோணியும் ஒத்திவைத்த பேச்சை மறந்தே போனார்கள்.

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம், குமுதினி ஆஸ்பத்திரியிலிருந்தும் அம்மா வீட்டிலிருந்தும் திரும்பி வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பிராவுக்கு வந்தாள். குழந்தைக்கு இப்போது கன்னம் இருந்தது, தொடையில் ஒரு மடிப்பு இருந்தது. அஞ்சுகம் அதை வாங்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். சாப்பாட்டு நேரம், பஞ்சவர்ணமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் வெயிலில் இருந்தார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற சாதாரண வெயில்.

பஞ்சவர்ணம்தான் தொடங்கினாள், யாரையும் பார்க்காமல்.

"எங்க வீட்டு மனுசன தினம் காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே போய்த் தொலைங்கன்னு சொல்றேன். முப்பது வருசமா சொல்றேன். அது கடைக்குக்கூடப் போகமாட்டேங்குது."

அஞ்சுகம் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்துக் குமுதினி பயந்துவிட்டாள், அப்புறம்தான் அது சிரிப்பென்று தெரிந்தது. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, குழந்தையின் முதுகையும் துடைத்தாள்.

"அக்கா" என்றாள் குமுதினி. "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அன்னிக்கு எல்லாம் கேட்டுச்சு. வெள்ளரிப்பிஞ்சு கடிச்சதுகூடக் கேட்டுச்சு. அண்ணன் பேரு மட்டும் கேக்கல. என்ன பேருக்கா?"

பஞ்சவர்ணம் குமுதினியை முறைத்தாள். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்கிற வழக்கம் அந்த லயங்களில் இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம்கூட அஞ்சுகம் சொன்னதில்லை, பக்கத்தில் நின்றவர்கள்தான் சொன்னார்கள். உயிரோடு இருக்கும்போது இந்தாங்க, ஏங்க என்று கூப்பிட்டாள். ஆற்றங்கரையில் கூட்டம் கூடி எல்லோரும் அவர் பேரைச் சொல்லித் தண்ணீரைப் பார்த்துக் கத்தியபோதும் அவள் ஏங்க, ஏங்க என்றுதான் கத்தினாள்.

அஞ்சுகம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். குழந்தை கையை ஆட்டி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"தவசிமுத்து" என்றாள்.